அப்பாரோட மருந்துக் குழல்

கடலை பிடுங்க இன்னும் 20 நாள்தான் இருந்துச்சு. ராத்திரி பன்னி எறங்கிருச்சு. காலைல போய்ப் பார்த்தா மாப்பிள்ளையோட காட்டுல அரை ஏக்கருக்கு மேல ஏர் ஓட்டிப் போட்ட மாதிரி கிடக்குது. டவுன்ல இருக்கற நண்பர்கள் "பன்னி எவ்வளவு தின்னுடப் போகுது"ன்னு கேப்பீங்க. தின்னுட்டுப் போனா பரவாயில்லைங்க. மூக்கால உழுது செடியைப் புரட்டி, பத்துக் காய் தின்னா நூறு காயை மிதிச்சு மண்ணோட கலக்கி வெச்சுட்டுப் போகும். விதை, உழவு, களைவெட்டு, தண்ணி எல்லாம் ஒரே ராத்திரில போச்சு.

மாப்பிள்ளைன்னு நான் சொல்றது என் தங்கச்சி பையனை. வயசு 29. திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு விவசாயம் பார்க்கறேன்னு வந்து மூணு வருசமாச்சு. அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தான். கட்டுத்தரைப் பக்கம் நின்னுட்டே இருந்தான், உள்ள வரலை. வீட்டுக்காரி காப்பி கொண்டாந்து குடுத்தா. குடிச்சு முடிச்சுட்டு மெதுவாக் கேட்டான்.

"மாமா, உங்க அப்பாரோட சாமான் எல்லாம் பரண்லதானுங்க இருக்குது?"

எனக்குப் புரிஞ்சு போச்சு. துப்பாக்கி எப்பவோ போயிருச்சு. மிச்சம் இருக்கறது ஒரு தோல் பை. அதுக்குள்ள மருந்து வெக்கற மாட்டுக்கொம்பு, மருந்து அளக்கற குழல் மூணு, இடிக்கிற கம்பி. இதுல எது இவனுக்கு வேணும்?

மெல்ல மெல்ல வெளிய வந்துச்சு. பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட பழைய நாட்டுத் துப்பாக்கி இருக்குதாம். லைசன்ஸ் கிடையாது. மருந்தும் அவரே குடுக்கறேன்னாராம். "எவ்வளவு போடறதுன்னு மட்டும் எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆள்கிட்டக் கேட்டுக்கோ"ன்னுட்டாராம். எங்க ஊர்ல தெரிஞ்ச ஆள்னா இப்ப நான் ஒருத்தன்தான். சின்ன வயசுல அப்பாருக்குப் பக்கத்துலயே உக்காந்து பார்த்தவன்.

அப்பாருன்னா எங்க ஐயனோட அப்பா. சத்தியமங்கலம் பக்கம், மலை அடிவாரத்துல எங்க தோட்டம். அவர்கிட்ட பயிர் காவலுக்கு லைசன்ஸ் வாங்கின ஒத்தைக் குழல் துப்பாக்கி இருந்துச்சு. குழல் வாய் வழியா மருந்து போட்டு, தக்கை வெச்சு, ரவை போட்டு, மறுபடி தக்கை வெச்சு இடிக்கிற சாதி. தோட்டா கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஆளே அளந்து போடணும். அதனால அந்த அளவுக் குழல்தான் அதுல முக்கியமான சாமான். நம்ம வீட்டுல அரிசிக்குப் படி எப்படியோ அப்படி.

பையைப் பரண்ல இருந்து எறக்கினேன். கயித்துக் கட்டில்ல துண்டு விரிச்சு மூணு குழலையும் வரிசையா வெச்சேன். மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துச்சு. "அளவு மட்டும் கேக்காத. இதுகளைப் பத்திச் சொல்றேன், அதைக் கேளு"ன்னேன்.

முதல் குழல் மூங்கில். அப்பாருக்கு அவங்க அப்பா குடுத்தது. அடில கணு, மேல வாய். பார்க்க அழகா இருக்கும். ஆனா அப்பாரு அதை உபயோகிக்க மாட்டாரு. மழைக்காலத்துல மூங்கில் ஊதும், வெயில்ல சுருங்கும், விரிசல் விடும். விரிசல்ல பழைய மருந்து அடைச்சுக்கிட்டா அளவு குறையும், அது உதிர்ந்தா கூடும். "பெரியவங்க குடுத்ததுன்னு கும்பிட்டு வெச்சுக்கலாம், அளக்கறதுக்கு ஆகாது"ம்பாரு.

ரெண்டாவது பித்தளை. ஒரே அளவு, மேல வாய் மட்டமா அறுத்து அரத்துல ராவினது. தினம் கைக்கு வந்தது இதுதான். ஏன் பித்தளைன்னா, இரும்போட இரும்பு உரசினா பொறி வரும். கரிமருந்துக்கு ஒரு பொறி போதும். பித்தளைல அந்தப் பயம் இல்லை, துருவும் பிடிக்காது.

மூணாவதும் பித்தளைதான், ஆனா அடில ஒரு தண்டு இருக்கும். தண்டை மேல தள்ளினா அளவு குறையும், கீழ இழுத்தா கூடும். தண்டுல கோடு போட்டிருக்கும். யாரோ ஒரு எஸ்டேட்காரர் குடுத்தது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். நாலஞ்சு துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கு இது நல்லதுதான். அப்பாரு இதைத் தொட்டதே இல்லை. "என்கிட்ட இருக்கறது ஒரு துப்பாக்கி. அதுக்கு ஒரு அளவு. தண்டு நகர்ந்தது தெரியாம இருட்டுல போட்டா என்னாகும்?" அவ்வளவுதான் அவரோட காரணம்.

அளக்கறதுலயும் முறை இருந்துச்சு. கொம்புல இருந்து நேரா துப்பாக்கிக் குழலுக்குள்ள கொட்டவே கூடாது. முந்தி சுட்டதுல உள்ள ஒரு கனப்பு ஒட்டிட்டு இருந்தா, போடற மருந்து பத்திக்கும். அளவுக் குழல்ல இருக்கற மருந்து மட்டும் பத்தினா கை வெந்துபோகும். கொம்போட பத்தினா ஆளே இல்லை. அதனால முதல்ல அளவுக் குழலுக்கு, கொம்பை மூடிப் பின்னாடி வெச்சுட்டு, அப்புறம்தான் துப்பாக்கிக்கு.

அளவுக் குழல்ல ரொப்பி, மேல ஒரு குச்சியால வழிச்சு விடுவாரு. தட்ட மாட்டாரு. தட்டினா மருந்து கீழ இறங்கி, இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்கும். படியில அரிசியைக் குலுக்கி அளந்தா கூடப் பிடிக்கறது நமக்குத் தெரியும்தானே? அதே கணக்கு. இன்னைக்குத் தட்டி, நாளைக்குத் தட்டாம அளந்தா, ரெண்டு நாளும் ஒரே அளவு ஆகாது. தினமும் ஒரே உயரத்துல இருந்து கொட்டணும், ஒரே மாதிரி வழிக்கணும். பீடி பத்த வெச்ச ஆளு திண்ணைப் பக்கமே வரக்கூடாது. பேச்சுக் குடுக்கக் கூடாது. அப்பத்தா சோறு திங்கக் கூப்பிட்டாக் கூடப் பதில் சொல்ல மாட்டாரு.

மாப்பிள்ளை எல்லாத்தையும் கவனமாக் கேட்டான். அப்புறம் இடிக்கிற கம்பியை எடுத்து, "இது என்ன மாமா வெட்டு?"ன்னான். கம்பில மேலும் கீழுமா ரெண்டு வெட்டு இருக்கும்.

அந்த வெட்டுக்கு ஒரு கதை இருக்குதுங்க. எனக்கு அப்ப ஒம்பது பத்து வயசு இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அப்பாருக்குக் கூட்டாளி. அவர்கிட்டயும் அதே மாதிரித் துப்பாக்கி. ஒரு நாள் பொழுது சாயறப்ப மருந்து போட்டு இடிச்சு, பரண் மேல வெச்சிருக்காரு. ஏதோ வேலை வந்து எறங்கிப் போயிட்டாரு. நடுச்சாமத்துல பன்னிச் சத்தம் கேட்டு எந்திரிச்சவரு, தூக்கக் கலக்கத்துல போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டுட்டாரு. ஒவ்வொரு அளவும் சரியான அளவுதான். ரெண்டும் சேர்ந்ததுதான் தப்பு. குழல் வெடிச்சிருச்சு. இடது கைல மூணு விரல் போச்சு. அந்தச் சத்தம் எங்க வாசல் வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் பன்னி விழுந்துருச்சுன்னு நெனைச்சோம்.

அந்தப் பெரியவர் அதுக்கப்புறம் ரொம்ப வருசம் உசிரோட இருந்தாரு. ரெண்டு விரல்ல மாட்டுக்கயிறு முடிச்சுப் போடறதை நான் நின்னு பார்த்திருக்கேன். பன்னி அன்னைக்கு ராத்திரி அவரு காட்டுல மேஞ்சுட்டுத்தான் போச்சு.

மறுநாள் ஆஸ்பத்திரில பார்த்துட்டு வந்த அப்பாரு யார்கிட்டயும் பேசலை. அரத்தை எடுத்து இந்தக் கம்பில ரெண்டு வெட்டு வெட்டினாரு. வெறும் குழல்ல விட்டா கம்பி எது வரைக்கும் எறங்கும்னு ஒண்ணு, மருந்து இருந்தா எது வரைக்கும் நிக்கும்னு ஒண்ணு. அதுக்கப்புறம் கம்பியை உள்ள விட்டுப் பார்க்காம ஒரு தடவை கூட அவர் மருந்து போட்டதில்லை.

இவ்வளவும் சொல்லி முடிச்சா மாப்பிள்ளை போனை எடுக்கறான். "அது அந்தக் காலம் மாமா. அமெரிக்காவுல வீட்டுலயே தோட்டா ரொப்பறாங்க, பாருங்க"ன்னு ஒரு வீடியோ போட்டான். ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து பார்த்தோம். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டேன்.

அங்க அது சட்டப்படி ஒரு பொழுதுபோக்கு. சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டைத் திரும்ப எடுத்து, புதுசாக் கேப்பு மாட்டி, மருந்து ரொப்பி, குண்டு வெச்சு அமுக்கறாங்க. மருந்து அளக்க மேசைல ஒரு மிசின். மேல புனல் மாதிரி ஒரு டப்பா, நடுவுல உருளை, உருளைல ஒரு குழி. கைப்பிடியை மேல தூக்கினா குழி ரொம்பும், கீழ எறக்கினா கொட்டும். குழியைத் திருகு வெச்சுப் பெருசாக்கலாம், சின்னதாக்கலாம். நம்ம மூணாவது குழல்தான், மிசின் ஆயிருக்கு. உருண்டை மணியா இருக்கற மருந்து அதுல தண்ணியாட்டம் எறங்குது. குச்சி குச்சியா இருக்கற மருந்து குழில ஒழுங்காப் படியாம, உருளை திரும்பறப்ப அறுபடுது, அளவும் முன்ன பின்ன ஆகுது. அதனால சில பேரு மிசின்ல கொஞ்சம் குறைச்சலாக் கொட்டி, மிச்சத்தைத் தராசுல வெச்சுச் சொட்டுச் சொட்டாச் சேர்க்கறாங்க.

அவங்க எடை கிரெயின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின்னா 64.8 மில்லிகிராம். பழைய காலத்துல ஒரு பார்லி மணியோட எடையை வெச்சு வந்த பேராம். நம்ம ஆசாரிங்க தங்கத்துக்குக் குன்றிமணி வெச்ச மாதிரி. ஒரு குன்றிமணி ஏறக்குறைய ரெண்டு கிரெயின் வரும். எந்த ஊரா இருந்தாலும் மனுசன் ஒரு விதையைத்தான் எடைக்கல்லா எடுத்திருக்கான்.

அந்த வீடியோவுல இருந்தவர் என்ன செஞ்சாருன்னு பாருங்க. மிசினைத் திருகி அளவு வெச்ச உடனே ரொப்ப ஆரம்பிக்கலை. பல தடவை சும்மா கொட்டித் தராசுல பார்த்தாரு. அளவு நிலையா நின்ன பிறகுதான் ஆரம்பிச்சாரு. நடுநடுவுல மறுபடி தராசு. மேசைல ஒரே ஒரு மருந்து டப்பா, அதுவும் பேர் ஒட்டின டப்பா. புஸ்தகத்துல அந்தத் தோட்டாவுக்கு அந்த மருந்து எவ்வளவுன்னு பார்த்து, குறைஞ்ச அளவுல இருந்து ஆரம்பிக்கறாரு. கடைசியா எல்லாக் கூட்டையும் வரிசையா நிக்க வெச்சு, டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா உள்ள எட்டிப் பார்த்தாரு. ஏன்னா கைத்துப்பாக்கித் தோட்டாவுல சில மருந்து பாதிக் கூடு கூட ரொம்பாது. தெரியாம ரெண்டு தடவை கொட்டினாலும் உள்ள இடம் இருக்கும்.

"பார்த்தியா மாப்ள, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு ஆனது அவங்களுக்கும் பயமாத்தான் இருக்குது"ன்னேன்.

அவன் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் நான் கேட்டேன். "உனக்குக் குடுக்கறேன்னாரே மருந்து, அது என்ன மருந்து?"

தெரியாதுன்னான்.

அங்கதான் விசயமே இருக்குது. அப்பாரோட குழல் கரிமருந்துக்கு. அதைக் கொள்ளளவுல அளக்கறதுதான் வழக்கம். தோட்டாவுல வர்ற புகையில்லா மருந்து வேற சாதி. அதே குழல்ல அதே மட்டத்துக்கு அளந்தா, அதுக்குள்ள இருக்கற வேகம் பல மடங்கு. பழைய குழல் அதைத் தாங்கவே தாங்காது. பட்டாசு மருந்து இன்னொரு சாதி. பொட்டலத்துல கட்டிக் குடுத்த கருப்புத் தூளைப் பார்த்து இது எதுன்னு என்னால சொல்ல முடியாது. எங்க அப்பாரு வந்தாலும் சொல்ல முடியாது. அவர் டவுன்ல லைசன்ஸ் கடைல சீட்டுக் காட்டி வாங்கினதைத்தான் அளந்தாரு. மருந்து எதுன்னு தெரியாதப்ப, எவ்வளவுங்கற கேள்விக்குப் பதிலே கிடையாதுங்க.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன்னா நானும் அதே தப்பைச் செஞ்சவன். நம்ம பாசைல எல்லாமே மருந்துதானே. காய்ச்சலுக்கும் மருந்து, பூச்சிக்கும் மருந்து, வெடிக்கிறதும் மருந்து. ஏழெட்டு வருசம் முன்னாடி மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அட்ரசின் தூள் அடிச்சேன். எங்க மோட்டார் ரூம்ல ஒரு தீப்பெட்டி இருக்கும், பூஞ்சாண மருந்துக்கு அதுதான் அளவு. தராசு எடுத்துட்டு வரச் சோம்பல். அதே தீப்பெட்டில இதையும் அளந்தேன். ஒரு தூள் லேசு, ஒரு தூள் கனம், அதெல்லாம் யோசிக்கலை. கூடவே எண்ணிக்கைலயும் குழப்பம், எந்த டேங்குக்குப் போட்டேன், எதுக்குப் போடலைன்னு. கடைசில டப்பாவைப் பார்த்தா சொன்ன அளவுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு காலி.

சோளம் நல்லாத்தான் வந்துச்சு. காடே சுத்தமா இருக்குதுன்னு சந்தோசப்பட்டேன். சோளத்தை எடுத்துட்டு அதே காட்டுல உளுந்து போட்டேன். முளைச்சுது, ரெண்டு இலை விட்டுது, ஓரம் மஞ்சளாகிக் கருகிச்சு. பாதிக்கு மேல போச்சு. அட்ரசின் மண்ணுல தங்கும், பயறு வகைக்கு ஆகாதுங்கறது அதுக்கப்புறம்தான் வேளாண்மை ஆபீசர் சொல்லித் தெரிஞ்சுது. அப்பாருக்குப் பக்கத்துலயே உக்காந்து அத்தனையும் பார்த்து வளந்த எனக்கு, கைல தீப்பெட்டி இருந்தப்ப அவரு நெனைப்பு வரலை. துப்பாக்கின்னா பயம் இருந்துச்சு, டேங்குன்னா பயம் இல்லை, அவ்வளவுதான்.

இதை மாப்பிள்ளைகிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை. அன்னைக்குச் சொன்னேன். சிரிப்பான்னு நெனைச்சேன், சிரிக்கலை. "ராத்திரி அந்தப் பக்கம் போக மாட்டேனுங்க மாமா"ன்னுட்டு எந்திரிச்சுப் போனான்.

சட்டமும் சொல்லிடறேன். 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கறது குத்தம், ஜெயில்தான். லைசன்ஸே இருந்தாலும் பன்னியை நம்ம இஷ்டத்துக்குச் சுட முடியாது, அது வனவிலங்குச் சட்டத்துல இருக்குது. எங்க ஐயன் ஒவ்வொரு எலக்சனுக்கும் துப்பாக்கியைத் தோள்ல போட்டுட்டுப் போய் ஸ்டேசன்ல ஒப்படைச்சுட்டு, முடிஞ்சதும் வாங்கிட்டு வருவாரு. வீரப்பன் காலத்துல எங்க பக்கம் துப்பாக்கின்னு வாயில சொல்லவே பயம். அப்பத்தான் ஒரேயடியாக் கொண்டு போய்க் குடுத்துட்டாரு. கொம்புல மிச்சம் இருந்த மருந்தை ஒரு தொட்டித் தண்ணில கொட்டிக் கலக்கி, கரைஞ்ச தண்ணியைக் குப்பைக்குழில ஊத்தினாரு. நான் பக்கத்துல நின்னேன்.

2025 ஜனவரில அரசாணை ஒண்ணு வந்துச்சு. காட்டு எல்லைல இருந்து 3 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பன்னி வந்தா வனத்துறை ஆளுங்களே சுடலாம். 1ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும்னா பிடிச்சுக் காட்டுல விடலாம். 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. எங்க காடு எல்லைல இருந்து கூப்பிடு தூரம். அதனால எங்களுக்கு அந்த ஆணையால பிரயோசனம் இல்லை. மறுநாளே ரெண்டு பேரும் போய் விஏஓகிட்ட அடங்கல் வாங்கி, போட்டோ எடுத்து, வனத்துறைல நட்டஈட்டுக்கு மனு குடுத்திருக்கோம். பணம் இன்னும் வரலை.

மிச்சம் இருந்த கடலைக்கு ராத்திரி முறை போட்டுக் காவல் இருந்தோம். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். தகர டின்னு, டார்ச் லைட்டு, ரெண்டு நாய். ஒரு தடவை வந்துச்சு, சத்தம் போட்டதும் ஓடிருச்சு. ஓடின பன்னி பக்கத்துக் காட்டு மரவள்ளிக்குள்ள எறங்கிச்சு. அதுக்கு நாங்க என்ன செய்யறது? அந்தக் காட்டுக்காரருக்கு போன் பண்ணி எழுப்பி விட்டோம்.

கடலை பிடுங்கி முடிச்சு மாப்பிள்ளை கணக்குப் பார்த்தான். போட்ட முதல் வரலை. அடுத்த போகமும் கடலைதான் போடப் போறானாம். போன வாரம் விதை நேர்த்தி பண்ணறேன், வாங்க மாமான்னு கூப்பிட்டான். போனேன். ஒரு சின்ன பேட்டரி தராசு வாங்கி வெச்சிருக்கான், கிராம் கணக்குக் காட்டறது. ஒரு கிலோ விதைப்பருப்புக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம். 50 கிலோவுக்கு 200 கிராம். ஒரே தடவையா கொட்டிக் கலக்காம, பத்துப் பத்துக் கிலோவாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் 40 கிராம் நிறுத்துப் போட்டுக் கலக்கினான். கலக்கி முடிச்ச சாக்குல கரித்துண்டால ஒரு கோடு கிழிச்சான்.

"அது எதுக்கு மாப்ள கோடு?"ன்னேன்.

"போட்டதுக்கே மறுபடி போட்டுறக் கூடாதில்லீங்க மாமா"ன்னான்.

வீட்டுக்கு வந்து தோல் பையைத் திரும்பப் பரண்ல வெச்சேன். மோட்டார் ரூம்ல இருந்த தீப்பெட்டியைத் தேடினேன். இன்னும் அங்கயேதான் இருந்துச்சு. எடுத்து அடுப்புல போட்டுட்டேன்.